இலவச ஒன்லைன் கோர்ஸ்: 14 பேர் தொடங்கினோம், 3 பேர் முடித்தோம். எங்கே பிழைத்தது?

சனசமூக நிலையத்தான்
ஞாயிறு, இரவு 9.12

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பழைய பேப்பர் அடுக்கி வைக்கிற அறை ஒன்று இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பிய காசில் அதைத் துப்புரவாக்கி, வெள்ளை அடித்து, ஐந்து கொம்பியூட்டர் போட்டோம். இன்டர்நெட் இணைப்பும் எடுத்தோம். தை மாதம் 14 பேரைச் சேர்த்து, ஹாவர்ட் பல்கலைக்கழகம் இலவசமாகத் தருகிற சி.எஸ்.50 என்ற கணினி அறிமுகப் பாடத்தைத் தொடங்கினோம். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தவர்கள் எட்டுப் பேர், வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர், கல்யாணம் முடித்த பெண்கள் இரண்டு பேர்.

முதல் பாடம் ஸ்கிராட்ச். வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்தி ஒரு பூனையை நடக்கவிடுகிற வேலை. அறை முழுக்கச் சிரிப்பு. அடுத்தது சி என்கிற புரோகிராமிங் மொழி. ஒரு அரைப்புள்ளி விட்டதற்கு அரை மணித்தியாலம் தேடினார்கள், பரவாயில்லை, தேடினார்கள். பிறகு பொயின்டர் வந்தது, கொம்பியூட்டர் நினைவகத்தில் ஒரு தரவு இருக்கிற இடத்தின் விலாசத்தை வைத்து வேலை செய்கிற பாடம். அதோடு கதிரைகள் காலியாகத் தொடங்கின. ஒருவருக்கு ரவுணில் கடை வேலை கிடைத்தது, ஒருவர் கட்டாருக்குப் போனார், மற்றவர்கள் ஒன்றும் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். புரட்டாதியில் கடைசிப் புரொஜெக்ட்டை அனுப்பிச் சான்றிதழ் எடுத்தவர்கள் மூன்று பேர்.

போன கிழமை நிலையத்துப் பொதுக்கூட்டத்தில் ஒரு பெரியவர் எழும்பி, "தம்பி, மூண்டு பேருக்கோ இவ்வளவு கரண்ட் பில்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். இந்தக் கோர்ஸ்கள் எங்களைப் போன்ற ஆட்களுக்குச் சரிவருமா? இல்லை, நடத்திய எங்களில்தான் பிழையா?


பனங்கொட்டை
ஞாயிறு, இரவு 9.31

இலவசம் என்றால் அப்படித்தான் அண்ணை. ரியூசனுக்கு மாதக் காசு கட்டியிருந்தால் "காசு கட்டினனான், இன்னும் வெளிக்கிடேல்லையோ" என்று அம்மா வாசலில் நின்று கத்துவா. ஹாவர்ட்டுக்காகக் கத்த வீட்டில் ஆர் இருக்கினம்?


இரண்டாம் ஷிப்ட்
ஞாயிறு, இரவு 11.05

ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன், இங்கே இன்னும் பகல். அண்ணா, அந்தப் பெரியவருக்குச் சொல்ல ஒரு கணக்குத் தருகிறேன்.

2011இல் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் செபஸ்தியன் த்ருனும் பீட்டர் நோர்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்தார்கள். முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000. 2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஹாவர்ட்டும் சேர்ந்து எடெக்ஸ் என்ற ஒன்லைன் கோர்ஸ் தளத்தைத் தொடங்கின. எம்.ஐ.டி அதில் முதலில் போட்ட மின்சுற்றுப் பாடத்துக்கு 1,55,000 பேரளவில் பதிந்து, 7,000 பேரளவில்தான் சித்தியடைந்தார்கள். பிறகு நிலைமை இன்னும் மோசம். எம்.ஐ.டி, ஹாவர்ட் இரண்டினதும் கோர்ஸ்களை எடுத்து ஆறு வருடத் தரவை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்தது. 2017-18இல் பதிந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 வீதம். நூற்றுக்கு மூன்று!

உங்களுடையது 14இல் 3. நூற்றுக்கு 21. ஹாவர்ட்டை விட ஏழு மடங்கு நன்றாக நடத்தியிருக்கிறீர்கள். கரண்ட் பில்லைக் கட்டச் சொல்லுங்கள்.


ரியூசன் மாஸ்டர்
திங்கள், காலை 6.20

கணக்கு வாத்தி என்ற முறையில் ஒரு குறுக்கீடு. அந்த 3.13ஐயும் இந்த 21ஐயும் பக்கத்தில் வைக்கக்கூடாது, தம்பி. அதே ஆய்வில் இன்னொரு இலக்கமும் இருக்கிறது. பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் ஒருதடவை கூட நுழையவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு ஆர்வத்தில் பட்டனை அழுத்திவிட்டுப் படுத்தவர்களும் அந்த நூறுக்குள் அடக்கம். இவருடைய 14 பேரோ வெயிலுக்குள் சைக்கிள் உழக்கி வந்து கதிரையில் இருந்தவர்கள். காசு கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களை மட்டும் பார்த்தால் அதே வருடம் 46 வீதம் முடித்திருக்கிறார்கள். ஒப்பிடுவதென்றால் அதோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் 21 குறைவு. பனங்கொட்டை பகிடியாகச் சொன்னது பாதி சரி என்றும் அந்த 46 காட்டுகிறது. மற்றப் பாதி என்னவென்றால், முடிக்கிற குணம் உள்ளவன்தான் முதலில் காசைக் கட்டுகிறான்.

அதுக்காக நான் ஒன்லைன் கல்விக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். என்னுடைய வகுப்பில் தையில் 180 பேர் இருந்தால் ஆவணியில் 110. நான் அதை எந்தச் சஞ்சிகையிலும் போடுவதில்லை. வேறு வாத்தியிடம் போய்விட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.


நெடுந்தீவுக் குதிரை
திங்கள், பிற்பகல் 2.48

எல்லோரும் முடித்த கணக்குப் பார்க்கிறீர்கள். தொடங்கவே முடியாதவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

நான் தீவில் இருக்கிறேன். குறிகட்டுவானில் இருந்து படகில் ஒரு மணித்தியாலம். எங்களுக்குக் கரண்ட் பெருநிலத்து வயரில் வருவதில்லை, இங்கேயே ஜெனரேற்றர் ஓட்டித் தருகிறார்கள். வீட்டில் லப்டொப் இல்லை, போன்தான். பின்னேரம் சிக்னல் எழும்பினால் வீடியோ ஓடும், இல்லையென்றால் வட்டம் சுற்றும். ஒரு பாடத்தில் பத்து மணித்தியால வீடியோ இருந்தால் எத்தனை தடவை ரீலோட் பண்ண வேண்டும் என்று யோசியுங்கள். 2020இல் கொரோனா நேரம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சூம் வகுப்புகளுக்கு டேட்டா வெட்டுப்படாமல் போக ஏற்பாடு செய்தார்கள். அது கம்பஸ் போனவர்களுக்கு. நாங்கள் கம்பஸ் கிடைக்காதவர்கள். இலவசக் கோர்ஸ் அதிகம் தேவைப்படுகிறதும் எங்களுக்குத்தானே?

அடுத்தது மொழி. இங்கிலீஷ் விளங்காது என்று மொத்தமாகச் சொல்லமாட்டேன். எழுத்தில் இருந்தால் அகராதி பார்த்து ஒரு மாதிரிப் பிடித்துவிடுவேன். பேச்சுத்தான் ஓடிவிடும். பகிடி சொல்லுவார்கள், வீடியோவில் இருக்கிற வகுப்பு முழுக்கச் சிரிக்கும், நான் என்ன தவறவிட்டேன் என்று திரும்ப ஓட்டிப் பார்ப்பேன், அது பாடத்தில் இல்லாத ஒன்றாக இருக்கும். சரி, தமிழ் வசனம் போட்டுப் பார்ப்போம் என்று தானியங்கி மொழிபெயர்ப்பை அழுத்தினேன். மின்சுற்றுப் பாடம். மின்னோட்டம் என்று வரவேண்டிய இடமெல்லாம் "தற்போதைய" என்று வந்தது. "தற்போதையது மின்னழுத்தத்துக்கு நேர்விகிதசமம்." ஓமின் விதியை மனப்பாடமாகத் தெரிந்தபடியால் சிரித்தேன். தெரியாத பிள்ளை என்ன செய்யும்?

பிறகு இந்தியாவின் ஐ.ஐ.டி-கள் இணையத்தில் இலவசமாகத் தருகிற என்.பி.டி.இ.எல் பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவம் இருக்கிறது என்று ஒரு அக்கா சொன்னா. உண்மையாகவே நல்ல வேலை, கும்பிட்டுத்தான் எடுத்தேன். ஆனால் அந்தத் தமிழும் எனக்கு இன்னொரு பாடமாகப் போய்விட்டது. நாங்கள் இரசாயனவியல் படித்தவர்கள், அங்கே வேதியியல். எங்களுக்குப் பௌதிகவியல், அவர்களுக்கு இயற்பியல். ஒட்சிசனை ஆக்சிஜன் என்றால் பிடிபட்டுவிடும்.  உள்ளே போகப் போகத்தான் சிக்கல். ஒரு பக்கத்தில் மூன்று சொல் தெரியாவிட்டால் இங்கிலீஷே மேல் என்று தோன்றிவிடும்.

கடைசியில் நான் முடித்தது எது தெரியுமா? வீடியோவே இல்லாத ஒன்று. ஃப்ரீகோட்கேம்ப் என்கிற புரோகிராமிங் தளம். வாசிக்க வேண்டும், செய்து பார்க்க வேண்டும், சரியென்றால் அடுத்தது திறக்கும். போனில் செய்ய விரல் நோகும், ஆனால் டேட்டா கொஞ்சம்தான் போகும்.


மானிப்பாய்க் கிழவன்
திங்கள், இரவு 8.15

பிள்ளை எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கலைச்சொல் சண்டையில் பாதி வாழ்க்கை போனது.

இந்த மண்ணில் இது புதுப் பிரச்சினை இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் எங்கள் மானிப்பாயில் இருந்து மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார், பிறகுதான் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் தேடி வெளியூருக்குப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரில் நின்று வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. நாலாயிரம் பக்கத்துக்கு மேல் மருத்துவத்தைத் தமிழாக்க வைத்தார். சொல் இல்லாத இடத்தில் மாணவர்களோடு இருந்து சொல் உண்டாக்கினார். யூரியூப்பின் தானியங்கி வசனத்துக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த "இருந்து" என்கிற சொல்லில்தான் கிடக்கிறது. மாணவன் முகத்தைச் சுழித்தால் கிறீன் அடுத்த நாள் சொல்லை மாற்றியிருப்பார்.

இவ்வளவுக்கும் பிறகு நானே நாளாந்தம் எம்.ஐ.டி-யின் திறந்த பாடத்தளத்தைப் பார்க்கிறவன். 2001இல் அதை அறிவித்தபோது எங்களுக்கு இங்கே போர்க்காலம், 2003 போலத்தான் முதன்முதலில் ஒரு இன்டர்நெட் கடையில் இருந்து பார்த்தேன். மணித்தியாலத்துக்குக் காசு. ஒரு பேராசிரியரின் விரிவுரைக் குறிப்பு முழுவதும் அப்படியே திறந்து கிடந்தது. பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. எழுபதுகளில் ஒரு புத்தகத்துக்காக கொழும்புக்கு மெயில் கோச்சி பிடித்துப் போனவன் நான். எரிந்த நூலகத்தில் வாசித்தவனும் நான்தான். அந்தக் கடையில் கொஞ்சநேரம் ஒன்றையும் வாசிக்காமல் இருந்தேன். கடைக்காரப் பெடியன் "ஐயா, நேரம் போகுது" என்றான்.

சான்றிதழ் தருவார்களோ என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வேலை கையில் இருந்தது, அதனால் தோன்றவில்லை. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.


பனங்கொட்டை
திங்கள், இரவு 8.40

என்.பி.டி.இ.எல் பரீட்சை எழுதிச் சான்றிதழ் எடுக்க நேரில் போகவேண்டும். எங்களுக்குக் கிட்டிய நிலையம் தமிழ்நாட்டில். காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள்தானே, பொயின்டரைப் பாடமாக்கிக்கொண்டு ஏறவேண்டியதுதான். பாடம் இலவசம், சோதனைக்கு ஆயிரம் இந்திய ரூபாய், பாஸ்போர்ட் தனி.


லெட்ஜர் அக்கா
செவ்வாய், மதியம் 12.55

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

நான் கணக்குப் பிரிவு. தரவுப் பகுப்பாய்வு கோர்ஸ் ஒன்று செய்தேன். பாடம் பார்க்க இலவசம், சான்றிதழுக்கு 49 டொலர். இன்றைய விலைக்கு 15,000 ரூபாய்க்குக் கிட்ட. 2022இல் டொலர் 200இல் இருந்து 360க்கு ஏறியபோது நான் பாதிக் கோர்ஸில் இருந்தேன். அதோடு பதின்மூன்று மணித்தியாலக் கரண்ட் வெட்டு. போன் விளக்கில் கொப்பி பார்த்து எழுதியிருக்கிறேன். நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சில தளங்களில் இருக்கிறது. கோர்செராவில் அது உண்டு, இரண்டு கிழமைக்கு மேல் காத்திருக்க வேண்டும். உங்கள் வருமானம் என்ன, ஏன் காசு கட்ட முடியாது என்று கேட்பார்கள். அதை எழுதும்போது ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்கும் அதையே சொல்லுகிறேன்.

பெயர்ப் பிரச்சினையை யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு அப்பாவின் பேர் முன்னுக்கு, என்னுடைய பேர் பின்னுக்கு. அடையாள அட்டையில் அப்படித்தான். ஒரு தளம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருந்தது. நான் என் பேரை முதற்பெயர்ப் பெட்டியில் போட்டேன். அடையாளம் சரிபார்க்கிற இடத்தில் அட்டையோடு பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். நாலு மின்னஞ்சல், மூன்று கிழமை. கடைசியில் சான்றிதழ் வந்தது, அப்பாவின் பேரில். அப்பா 2009இல் காலமானவர். அவருக்குத் தரவுப் பகுப்பாய்வில் இப்போது சான்றிதழ் இருக்கிறது.

சரி, பயன் என்ன என்று கேட்பீர்கள். அரசாங்க வேலைக்கு அந்தத் தாளை நான் கொண்டே போகவில்லை, வர்த்தமானி அறிவித்தலில் பட்டம் கேட்டால் பட்டம்தான். தனியாரில் நேர்முகத்துக்குப் போனபோது அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்கள். பிறகு ஒரு பைலைத் திறந்து தந்து "இதிலே எந்தக் கிளையில் நட்டம், ஏன்?" என்று கேட்டார்கள். இருபது நிமிடத்தில் சொன்னேன். வேலை கிடைத்தது. அந்த இருபது நிமிடத்துக்குத்தான் கோர்ஸ் உதவியது.

தாள்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வழி: எங்கள் நாட்டு என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமை முறையில், எங்கே படித்தாய் என்று பார்க்காமல் தெரிந்ததைச் செய்துகாட்டினால் மதிப்பிட்டு மட்டம் தருகிற ஏற்பாடு இருக்கிறது. இன்டர்நெட்டில் சும்மா படித்துவிட்டு அங்கே போய்ச் செய்துகாட்டலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் தன்னுடைய திறந்த கற்றல் தளத்தில் புரோகிராமிங் கோர்ஸ்களை இலவசமாகவே தருகிறது. உள்ளூர்ப் பேர் என்றபடியால் இங்கே ஆட்களுக்கு அது விளங்கும். ஹாவர்ட் என்றால் "உண்மையான ஹாவர்ட்டோ" என்று கேட்கிறார்கள்.


இரண்டாம் ஷிப்ட்
செவ்வாய், இரவு 10.22

இலவசம் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இதை நம்பித்தான் நான் இங்கே வேலை மாறினேன், அதனால் கோபமும் எனக்குத்தான் கூட.

2012இல் போட்ட சத்தத்தைப் பார்த்தால் உலகத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் பூட்டப்போகின்றன என்று தோன்றியது. ஐம்பது வருடத்தில் பத்து நிறுவனங்கள்தான் மிஞ்சும் என்று த்ருன் அப்போது சொன்னதாகச் செய்தி வந்தது. அடுத்த வருடமே அவருடைய யுடாசிற்றி என்ற ஒன்லைன் கோர்ஸ் கம்பனி, கலிபோர்னியாவில் சான் ஹோசே அரச பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்திய பாடங்களில் பிள்ளைகள் வகுப்பறைப் பிள்ளைகளை விட மோசமாகச் செய்ததால் அதை இடைநிறுத்தினார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2013இல் தங்கள் கோர்செரா மாணவர்களை எண்ணிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 83 பேர் ஏற்கனவே ஏதோவொரு உயர்கல்விப் பட்டம் வைத்திருந்தவர்கள். படிக்காதவனுக்கு என்று திறந்த கதவால் படித்தவன் இன்னொரு தரம் உள்ளே போயிருக்கிறான். என்னையும் சேர்த்துத்தான்.

பிறகு காசுக் கதை. ஹாவர்ட்டும் எம்.ஐ.டி-யும் 2021இல் எடெக்ஸை 2யூ என்ற கம்பனிக்கு 80 கோடி டொலருக்கு விற்றன. அந்தக் கம்பனி 2024இல் வங்குரோத்து மனு கொடுத்தது. கடை இன்னும் திறந்திருக்கிறது, ஆனால் இலவசமாகப் பார்க்க வந்தால் குறிப்பிட்ட கிழமைகளுக்குப் பிறகு பாடம் பூட்டிவிடும், புள்ளி போடுகிற பயிற்சிகளும் பெரும்பாலும் காசு கட்டினவர்களுக்குத்தான். நெடுந்தீவுத் தங்கச்சி சிக்னல் வரும்வரை காத்திருக்கிற நேரத்தில் அந்தக் கிழமைகள் ஓடிவிடும். அதனால் எங்கே கூட்டிப் போகிறோம் என்று பார்த்துத்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும். எம்.ஐ.டி-யின் திறந்த பாடத்தளம், கான் அகடமி, சி.எஸ்.50இன் சொந்தத் தளம் இவையெல்லாம் இன்னும் முழு இலவசம்.


ரியூசன் மாஸ்டர்
புதன், காலை 6.05

83 வீதம் என்பது எனக்குப் புதுத் தகவல் இல்லை, இலவசமாகத் தண்ணீர் வந்தாலும் வாளி வைத்திருப்பவன்தான் பிடிப்பான். ஆனால் அந்த எண்ணிக்கை 2013இல், தொடங்கிக் கொஞ்சக் காலத்துக்குள் எடுத்தது. அதை வைத்து இன்றைக்குத் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

சனசமூக நிலையத்தாரிடம் எனக்கு ஒரு கேள்விதான். அந்த மூன்று பேரும் யார்? கெட்டிக்காரரா? இங்கிலீஷ் நல்லா வருமா?


சனசமூக நிலையத்தான்
புதன், இரவு 9.50

இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லதாகப் போச்சு சேர். நானே இருந்து யோசித்தேன்.

கெட்டிக்காரர் என்று பார்த்தால் 14 பேரில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவர் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்து இப்போது கிளிநொச்சியில் பொறியியல் பீடத்துக்குக் காத்திருக்கிறார். இரண்டு பேரும் முடிக்கவில்லை. அவர்களுக்கு இது தேவையும் இல்லை, பிழை சொல்ல மாட்டேன்.

முடித்த மூன்று பேரில் இரண்டு பேர் அந்தக் கல்யாணம் முடித்த பெண்கள். ஒருவரிடம் ஸ்கூட்டி இருந்தது, மற்றவரிடம் இல்லை. இவா போய் அவாவை ஏற்றிக்கொண்டுதான் வருவா. ஒருவருக்கு அலுப்பாக இருந்தாலும் மற்றவர் வாசலில் ஹோர்ன் அடித்தபடி நிற்பா. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஒன்பதரைக்கு வந்தால் பன்னிரண்டுக்குப் போய்விட வேண்டும், அரட்டைக்கு நேரம் இல்லை. பொயின்டர் பாடத்தை ஆறு தரம் பார்த்தார்கள். கடைசியில் விளங்கியது எப்படியென்றால், ஒருவர் சொன்னா: "வீட்டு விலாசம் எழுதின கடுதாசி வேற, வீடு வேற. கடுதாசியைக் கிழிச்சா வீடு இடியாது." ஹாவர்ட் பேராசிரியர் இதைவிட வடிவாகச் சொன்னாரோ தெரியாது, எனக்கு இதுதான் விளங்கியது.

மூன்றாமவன் பத்தொன்பது வயதுப் பெடியன். சாதாரண தரத்தில் இங்கிலீஷ் எஸ் எடுத்தவன். அவன் ஏன் கடைசிவரை விடாமல் வந்தான் என்று இப்போதுதான் விளங்குகிறது. அறைச் சாவி அவனிடம் இருந்தது. அவன் வராவிட்டால் அக்காமார் இரண்டு பேரும் வெயிலில் நிற்பார்கள். மற்றப் பதினொரு பேரும் நின்றபோது யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இவன் நின்றால் கதவு திறக்காது.

நான் செய்தது வைபை போட்டுக் கொடுத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்ததுதான். சாவியைக் கொடுத்ததும் என் சோம்பலில் கொடுத்தது, விடிய எழும்பிப் போய்த் திறக்கப் பஞ்சி.


பனங்கொட்டை
புதன், இரவு 9.58

அப்ப 14 சாவி வெட்டுங்கோ.


இரண்டாம் ஷிப்ட்
புதன், இரவு 11.40

அண்ணா, நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் மங்கோலியப் பெடியன் கதை ஞாபகம் வந்தது. 2012இல் எம்.ஐ.டி-யின் அந்த மின்சுற்றுப் பாடத்தில் முழுப் புள்ளி எடுத்தவர்களில் உலான்பாத்தரைச் சேர்ந்த 15 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் இருந்தான். உலகம் முழுக்கச் செய்தி. பிறகு எம்.ஐ.டி-யிலேயே இடம் கிடைத்தது. "ஒரு பிள்ளை, ஒரு இன்டர்நெட் இணைப்பு, போதும்" என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் அதை நம்பி என் மருமக்களுக்கு அனுப்பினேன்.

அந்தக் கதையில் வெட்டப்பட்ட பகுதி என்னவென்றால், அவனுடைய பள்ளி அதிபரே எம்.ஐ.டி-யில் படித்து வந்தவர். அமெரிக்காவில் இருந்து ஒரு ஆராய்ச்சி மாணவர் பெட்டி நிறைய ஆய்வுகூடச் சாமான்களோடு வந்து நின்று கூடவே படிப்பித்தார். இருபது பிள்ளைகள் போல ஒரே அறையில் இருந்து அந்தப் பாடத்தைச் செய்தார்கள், பாதிக்கு மேல் சித்தி. ஆக அதுவும் ஒரு சனசமூக நிலையம்தான். என்ன, கொஞ்சம் வசதியானது.


மானிப்பாய்க் கிழவன்
வியாழன், காலை 5.30

நித்திரை வரவில்லை. ஒரு மாற்றுக் கருத்து.

கூட்டமாக இருந்தால் முடிப்பார்கள் என்று எல்லோரும் குதிக்க வேண்டாம். கூட்டம் எப்போதும் துணையாக இராது, சில நேரம் அதுவே தடை. என் மகள் இரவு பதினொன்றுக்குப் பிறகு, மாமி படுத்த பிறகு, அடுப்படியில் இருந்து போனில் கணக்கியல் படித்தவள். நிலையத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் வீட்டில் ஆயிரம் கேள்வி வந்திருக்கும். தனியாக, சத்தமில்லாமல், ஒருவரையும் கேட்காமல் படிக்க முடிந்ததுதான் அவளுக்குக் கிடைத்த விடுதலை. ஆளில்லாத ஆசிரியனுக்கு அப்படியும் ஒரு பெருமை உண்டு. அவள் மூன்று கோர்ஸ் தொடங்கினாள், ஒன்றுகூட முடிக்கவில்லை. தனக்குத் தேவையான இரண்டு அத்தியாயம் படித்தாள், அதோடு கடைக் கணக்கைத் தானே எழுதத் தொடங்கினாள். சஞ்சிகைக் கணக்கில் அவள் தோல்வி.


லெட்ஜர் அக்கா
வியாழன், மதியம் 1.02

ஐயா, உங்கள் மகளுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். நானும் அடுப்படிதான்.


ரியூசன் மாஸ்டர்
வியாழன், இரவு 7.45

ஐயா சொல்வது நியாயம். முடித்தார்களா என்று கேட்பதோடு, எதுக்காக வந்தார்கள் என்றும் முதலிலேயே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். கட்டாருக்குப் போனவர் ஸ்கிராட்ச்சும் கொஞ்சம் சி-யும் தெரிந்துகொண்டு போயிருக்கிறார். அது நட்டமா?

நிலையத்தாருக்கு என் யோசனை. அடுத்த தொகுதிக்கு சி.எஸ்.50ஐ முழுதாகத் தூக்கித் தலையில் வைக்காதீர்கள். அதில் சி மொழி ஐந்து பாடம் ஓடிய பிறகுதான் பைதான் என்கிற இலகுவான மொழி வருகிறது. வேலை தேடுகிற பிள்ளைக்கு முதல் மூன்று மாதத்திலேயே கையில் ஏதாவது ஓடிக்காட்ட வேண்டும். பைதானில் தொடங்கி, பிடித்தவர்கள் சி-க்கு வரட்டும். இரண்டு பேருக்கு ஒரு கொம்பியூட்டர் போதும், வேண்டுமென்றே அப்படி வையுங்கள். அந்த அக்காமார் இரண்டு பேரையும் கெஞ்சியாவது கூப்பிட்டுக் கிழமைக்கு ஒருநாள் படிப்பிக்கச் சொல்லுங்கள், கொடுப்பனவு ஏதாவது கொடுங்கள், சும்மா கேட்காதீர்கள். சனி பின்னேரம் எனக்கு நாலு மணிக்குப் பிறகு வகுப்பு இல்லை, நான் வருகிறேன். கணக்கு வருகிற இடத்தில் உதவலாம். எனக்குக் காசு வேண்டாம், தேநீர் போதும்.


பனங்கொட்டை
வியாழன், இரவு 7.52

ரியூசன் மாஸ்டர் காசு வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டேன்.


நெடுந்தீவுக் குதிரை
வியாழன், இரவு 8.30

எல்லோரும் சனிக்கிழமை கூடுங்கள். கடைசிப் படகு போன பிறகு நான் எங்கே நிற்பது?


இரண்டாம் ஷிப்ட்
வியாழன், இரவு 11.15

தங்கச்சி, உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கோலிப்ரி என்று ஒரு மென்பொருள், இலவசம். கான் அகடமி வீடியோ, பயிற்சி எல்லாவற்றையும் ஒரு லப்டொப்பில் இறக்கி வைத்துவிட்டால் இன்டர்நெட் இல்லாமலே பக்கத்தில் இருக்கிற போன்கள் எல்லாம் வைபை மூலம் பார்க்கலாம். இன்டர்நெட் எட்டாத இடங்களுக்கென்றே செய்தது. எம்.ஐ.டி பாடங்களையும் தளத்தில் இருந்தே முழுதாக இறக்கலாம், அனுமதி கேட்கத் தேவையில்லை. பென்டிரைவில் போட்டால் படகில் வரும். என்னிடம் பழைய லப்டொப் ஒன்று சும்மா கிடக்கிறது, பற்றரி கொஞ்சம் மோசம். மார்கழியில் அம்மா வரும்போது கொடுத்துவிடுகிறேன். சனசமூக நிலையத்தண்ணா, உங்கள் இணைப்பில் இரவில் இறக்கி வைக்க முடியுமா?


சனசமூக நிலையத்தான்
வெள்ளி, காலை 7.10

இறக்கி வைக்கலாம். எங்கள் இணைப்பில் நடுச்சாமத்துக்குப் பிறகு டேட்டா தாராளம். பெடியனிடம் சொல்லிவிட்டேன், சாவி அவனிடம்தானே. தினமும் குறிகட்டுவான் பக்கம் போகிற பஸ் சாரதி ஒருவர் எங்கள் ஊர் மாப்பிள்ளை, படகு வரைக்கும் கொடுத்துவிடலாம். தங்கச்சி, என்ன பாடம் வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். போடும்போது மொழியையும் எழுதுங்கள். மானிப்பாய் ஐயா, தெரியாத கலைச்சொல் வந்தால் உங்களுக்குத்தான் அனுப்புவோம்.

அக்காமாரிடம் கேட்டேன். ஒருவர் ஓம் என்றா. மற்றவர் "அவள் வந்தால் நானும்" என்றா. அது ஸ்கூட்டி இல்லாதவர்.

தொடக்கம் ஐப்பசி முதல் சனி, பின்னேரம் நாலரை. இந்தமுறை பத்துப் பேர்தான்.


கொக்குவில் தையல்கடை
வெள்ளி, காலை 9.24

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், பதிவு போடுவது இதுதான் முதல் தரம். எனக்கு 41 வயது. உயர்தரம் வரை வன்னியில் படித்தேன், சோதனை எழுதவில்லை, அந்த வருடம் எழுத முடியவில்லை. பத்துப் பேருக்குள் வயது பார்ப்பீர்களா? இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன்.


சனசமூக நிலையத்தான்
வெள்ளி, காலை 9.31

வயது பார்க்கமாட்டோம், வாருங்கள். உங்களோடு எட்டுப் பேர். கதிரை மட்டும் காணாது, வீட்டில் இருந்தால் ஒன்று கொண்டுவாருங்கள்.